யாருக்கு இடப்பக்கம்?
‘லார்போர்டு’ என்னும் பழஞ்சொல்லின் வரலாறு



தில்லி மாநகரில் மெட்ரோ ரயிலில் செல்வோர் ஓர் அறிவிப்பை நாள்தோறும் கேட்கின்றனர். அடுத்து வரும் நிலையத்தின் பெயரைச் சொன்ன பிறகு, கதவுகள் இடப்பக்கம் திறக்கும் என்றோ வலப்பக்கம் திறக்கும் என்றோ ஒரு குரல் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அறிவிக்கும். பழகியவர்கள் அதனைப் பொருட்படுத்துவதில்லை. சென்ற ஆண்டு ஊரிலிருந்து வந்திருந்த என் தாயார் மட்டும் அவ்வறிவிப்பின் பொருளைக் கேட்டறிந்தபின் என்னை நோக்கி, “யாருக்கு இடப்பக்கம், அப்பா? எனக்கா, எதிரே இருக்கிற அந்த அம்மாவுக்கா?” என்று கேட்டார்.

கேள்வி எளியது, ஆயினும் உடனே விடை கூற இயலவில்லை. அந்த ரயிலில் இருக்கைகள் பக்கவாட்டில் அமைந்தவை. என் தாயாரின் இடக்கை ஒரு பெட்டியைக் காட்டிற்று. எதிரே அமர்ந்திருந்த அம்மையாரின் இடக்கை அதற்கு நேர்மாறான பெட்டியைக் காட்டிற்று. கதவோ அவ்விரண்டு திக்கிலும் இல்லை. ஒருவருடைய முதுகுப்புறத்தில் ஒரு கதவும் மற்றவருடைய முதுகுப்புறத்தில் ஒரு கதவுமாக அவை இருந்தன. “வண்டி போகும் திக்கைப் பார்த்து நின்றால் வருகிற இடப்பக்கம், அம்மா” என்றேன். “அப்படியானால் வண்டிக்கு இடப்பக்கம் என்றல்லவா சொல்ல வேண்டும்?” என்றார் அவர்.

என் தாயார் எழுப்பிய இக்கேள்வியைக் கடலோடும் மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுப்பி, அதற்கு விடையும் கண்டுள்ளனர். கப்பலின் இரு பக்கங்களுக்கும் அவர்கள் தனிப்பெயர் இட்டனர். ஆங்கில மாலுமிகள் கப்பலின் இடப்பக்கத்துக்கு இட்டிருந்த பெயர் ‘லார்போர்டு’ என்பது. இன்று அது வழக்கொழிந்த சொல். பழைய கடற்பயண நூல்களைப் படிப்போர் அதனைக் காண்பர். இன்றைய கப்பல்களில் அதனைக் கேட்பதற்கில்லை. அது தோன்றிய விதத்தையும், ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு உழைத்த பின்னர் ஆணையிட்டு விலக்கப்பட்ட காரணத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

திசைக்குப் பெயர் வைக்கும் முறைகள்

மக்கள் திசைக்குப் பெயர் வைக்கும் முறைகள் சில உண்டு. ஒன்று, உடலை அளவாகக் கொள்வது. கிழக்கே ஞாயிற்றை நோக்கி நிற்பவனுக்கு வலக்கைப் பக்கம் தெற்கு. ஆகவே வடமொழியில் ‘தட்சிணம்’ என்ற ஒரே சொல் வலப்பக்கத்தையும் தென்திசையையும் குறிக்கின்றது. தக்காணம் என்று நாம் வழங்கும் நிலப்பகுதியின் பெயரும் அதன் வழி வந்ததே.

மற்றொன்று, நிலத்தை அளவாகக் கொள்வது. தமிழ்நாட்டில் நிலம் மேற்கே மலையாய் உயர்ந்து கிழக்கே கடலை நோக்கித் தாழ்கின்றது. மேல் என்பதிலிருந்து மேற்கும், கீழ் என்பதிலிருந்து கிழக்கும் பிறந்தன. மும்பையில் வாழும் தமிழர் இதனை எண்ணிப் பார்த்தால் சற்றே வியப்படைவர். அங்கே மேற்கில் இருப்பது கடல். உயர்ந்த பக்கம் என்று பொருள்படும் சொல்லால் தாழ்ந்த பக்கத்தை அவர்கள் குறிக்கின்றனர். சொல் தான் பிறந்த மண்ணின் அமைப்பைத் தன்னுடன் கொண்டு சென்றுள்ளது. ஆயினும் அதனால் எவரும் வழி தவறுவதில்லை.

மூன்றாவது முறை, ஊர்தியை அளவாகக் கொள்வது. கப்பலில் இதுவே முறை. கப்பலில் மாலுமி முன்னும் திரும்புவான், பின்னும் திரும்புவான். பாய்மரத்தின் மேலேறிக் கீழும் நோக்குவான். அவனுடைய இடமும் வலமும் நொடிக்கு நொடி மாறும். கப்பலின் முன்முனையாகிய அணியத்தை நோக்கி நின்றால் வருகின்ற இடமும் வலமும் மாறா. மாறாத பக்கத்துக்கு மாறாத பெயர் வேண்டும் என்பதே கடலோடிகள் கண்ட தெளிவு.

துடுப்பு இருந்த பக்கம்

லார்போர்டு என்பதன் பிறப்பை அறிய, முதலில் அதன் இணைச் சொல்லாகிய ‘ஸ்டார்போர்டு’ என்பதை அறிதல் வேண்டும். அது கப்பலின் வலப்பக்கத்தின் பெயர். கேட்பவர் அதில் விண்மீன் இருப்பதாக எண்ணக்கூடும். விண்மீனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பழைய ஆங்கிலத்தில் அச்சொல் ‘ஸ்டேயோர்போர்டு’ என்பது போல ஒலித்தது. அதன் முற்பகுதிக்குக் கலம் செலுத்துதல் என்பதும், பிற்பகுதிக்குக் கலத்தின் பக்கம் என்பதும் பொருள். கலம் செலுத்தும் பக்கம் என்பதே அதன் முழுப்பொருள்.

வலப்பக்கம் ஏன் செலுத்தும் பக்கமாயிற்று? பண்டை வட ஐரோப்பியக் கலங்களில் இன்றுள்ளதுபோல் பின்புறத்தின் நடுவே சுக்கான் இல்லை. அகன்ற பெருந்துடுப்பு ஒன்று பின்பகுதியில் வலப்பக்கத்தே பிணைக்கப்பட்டிருந்தது. மீகாமன் அதனைப் பற்றிக் கலத்தைத் திருப்பினான். இது வெறும் ஊகமன்று. நார்வே நாட்டில் கோக்ஸ்டாட் என்னுமிடத்தில் 1880ஆம் ஆண்டில் ஒரு மரக்கலமும், ஓசபர்க் என்னுமிடத்தில் 1904ஆம் ஆண்டில் ஒரு மரக்கலமும் மண்மேடுகளிலிருந்து அகழ்ந்தெடுக்கப்பட்டன. இரண்டும் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இரண்டிலும் செலுத்துதுடுப்பு வலப்பக்கத்திலேயே அமைந்துள்ளது. மக்களிற் பெரும்பாலோர் வலக்கைப் பழக்கம் உடையோர் ஆதலின் துடுப்பும் அப்பக்கம் அமைந்தது என்பர்.

மீகாமன் வலப்பக்கத் துடுப்பைப் பற்றி நிற்கும்போது இடப்பக்கம் அவனுடைய முதுகுப்புறமாகும். ஆதலின் பழைய ஆங்கிலத்தில் இடப்பக்கத்தின் பெயர் ‘பேக்போர்டு’, அதாவது முதுகுப் பக்கம். ஜெர்மானியர் இன்றும் இடப்பக்கத்தை ‘பாக்போர்ட்’ என்கின்றனர். பிரெஞ்சுக்காரர் ‘பாபோர்’ என்கின்றனர். இரண்டும் அதே சொல்லின் கிளைகள். ஆங்கிலேயர் மட்டும் அதனைக் கைவிட்டனர்.

அதன் இடத்தில் 14ஆம் நூற்றாண்டில் ‘லாடபோர்டு’ என்பது போன்றதொரு வடிவம் தோன்றுகின்றது. இதன் முற்பகுதி சரக்கு ஏற்றுதலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது என்பது சொல்லாராய்ச்சியாளர் பெரும்பாலோர் கருத்து. காரணம் பொருத்தமாகவே உள்ளது. வலப்பக்கத்தைத் துறைமேடையோடு ஒட்டி நிறுத்தினால் துடுப்பு இடையிலே அகப்பட்டு நசுங்கும். ஆகவே இடப்பக்கத்தையே கரையோடு அணைத்து நிறுத்தினர். மூட்டைகளும் பீப்பாய்களும் அப்பக்கமாகவே ஏறின. சரக்கேற்றும் பக்கம் என்ற பெயர் அவ்வாறு அமைந்தது.

12ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி வட ஐரோப்பாவில் சுக்கான் பின்புறத்தின் நடுவே பொருத்தப்படலாயிற்று. காலப்போக்கில் பக்கத் துடுப்பு பெருங்கலங்களிலிருந்து மறைந்தது. துடுப்பு மறைந்தபின்னும் அதன் பெயர் மறையவில்லை. துடுப்பில்லாத பக்கத்தைத் துடுப்புப் பக்கம் என்றும், சரக்கு எப்பக்கமும் ஏறக்கூடிய காலத்தில் ஒரு பக்கத்தைச் சரக்குப் பக்கம் என்றும் மாலுமிகள் வழங்கி வந்தனர்.

இணைச் சொல் இழைத்த கேடு

நாள்தோறும் சேர்ந்து ஒலிக்கும் இரு சொற்கள் ஒன்றையொன்று இழுத்துத் தம் சாயலில் ஆக்கிக்கொள்வதுண்டு. ஸ்டார்போர்டு என்னும் வலிய சொல்லின் அருகே நின்ற லாடபோர்டு, 16ஆம் நூற்றாண்டளவில் அதன் ஓசையைத் தழுவி லார்போர்டு ஆயிற்று. செவிக்கு இனிய இணைதான். ஆனால் கடலில் அது தீங்காயிற்று.

‘ஸ்டார்போர்டு’, ‘லார்போர்டு’ என்று இரண்டையும் ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள். வேறுபாடு முதலிலுள்ள ஓரிரு மெய்யொலிகளில் மட்டுமே உள்ளது. எஞ்சியவை யாவும் ஒன்றே. புயற்காற்றில் பாய்கள் படபடக்க, கயிறுகள் ஊளையிட, அலைகள் மேல்தளத்தில் மோதும் வேளையில், தலைவன் ஒரு முனையிலிருந்து கூவும் கட்டளை மறுமுனையில் நிற்பவன் காதில் எவ்வாறு விழும்? முதலெழுத்தைக் காற்று கொண்டுபோய்விடும். ‘ஆர்போர்டு’ என்பதே எஞ்சும். எஞ்சியதைக் கேட்டவன் எப்பக்கம் ஓடுவான்? பாறை ஒருபுறம் இருக்க, அப்புறமே கலத்தைத் திருப்பினால் கலத்தில் உள்ள அனைவருக்கும் கேடு.

இங்கே நம் நாட்டு மாலுமிகளைப் பற்றி ஒரு செய்தி கூறுதல் வேண்டும். லஸ்கர் எனப்பட்ட இந்திய மாலுமிகள் ஆங்கிலேயரின் கப்பல்களில் பெருந்தொகையினராய்ப் பணியாற்றினர். அவர்களுக்கென ஒரு கலப்புமொழி கப்பலிலே வழங்கிற்று. ஆங்கிலத் தலைவர்கள் அதனை அறிந்து கட்டளையிட வேண்டும் என்பதற்காகத் தாமஸ் ரோபக் என்பவர் 1811ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கப்பற் சொற்களுக்கென்றே ஆங்கில–இந்துஸ்தானி அகராதி ஒன்றை வெளியிட்டார். லஸ்கர்களின் மொழியில் வலப்பக்கம் ‘ஜம்னா’, இடப்பக்கம் ‘டாவா’. குஜராத்தில் வாழும் நம்மவர் வலப்பக்கத்தை ‘ஜமணு’ என்று கேட்டிருப்பர். மராட்டிய நாட்டில் வாழ்வோர் இடப்பக்கத்தை ‘டாவா’ என்று கேட்டிருப்பர். இவ்விரண்டையும் எந்தக் காற்றும் ஒன்றாக்க இயலாது. தலைவர்களின் கட்டளைச் சொற்களைவிட, ஏழை மாலுமிகளின் வழக்குச் சொற்கள் இவ்வகையில் பாதுகாப்புடையனவாய் இருந்தன.

ஆங்கில மாலுமிகளும் இவ்விடரை உணராதவர் அல்லர். துறைமுகம் என்று பொருள்படும் ‘போர்ட்’ என்னும் சிறு சொல்லைச் சுக்கான் கட்டளைகளில் 17ஆம் நூற்றாண்டிலேயே அவர்கள் கையாளத் தொடங்கினர். துறையை ஒட்டி நிற்கும் பக்கம் ஆதலின் அப்பெயர் இடப்பக்கத்துக்கு இயல்பாகவே பொருந்திற்று. அது ஓரசைச் சொல்; ஸ்டார்போர்டு ஈரசைச் சொல். முதலெழுத்து கேளாவிடினும் அளவினால் வேறுபாடு விளங்கும். இரு வழக்கும் நெடுங்காலம் அருகருகே நிலவின. இறுதியில் 1844ஆம் ஆண்டு நவம்பரில் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகம், இனி லார்போர்டு என்பதை விடுத்துப் போர்ட் என்பதையே வழங்க வேண்டும் என ஆணையிட்டது. 1846ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்கக் கடற்படை அமைச்சர் ஜார்ஜ் பான்கிராஃப்ட் அவ்வாறே ஆணை பிறப்பித்தார்.

ஆணையிட்ட அன்றே ஒரு சொல் மடிந்துவிடுவதில்லை. திமிங்கில வேட்டைக் கப்பல்களில் அது பின்னரும் வழங்கிற்று. 1851இல் வெளிவந்த ஹெர்மன் மெல்வில்லின் ‘மோபி டிக்’ நாவலில் அதனைக் காணலாம். மிசிசிப்பி ஆற்றின் நீராவிப் படகோட்டிகளும் அதனை எளிதில் விடவில்லை. இளமையில் அவ்வாற்றில் படகு செலுத்திய மார்க் ட்வெய்ன் எழுதிய நூல்களில் அதன் பேச்சு வடிவம் உள்ளது. பின்னர் மெல்ல மெல்ல அது மறைந்தது.

சொல் திருந்தியும் கட்டளை திருந்தவில்லை

பெயர்க்குழப்பம் தீர்ந்தபின்னும் வேறொரு குழப்பம் எஞ்சியிருந்தது. சுக்கானின் மேற்பகுதியில் நீண்ட பிடி ஒன்று இருக்கும். அப்பிடியை வலப்பக்கம் தள்ளினால் நீருக்குள் இருக்கும் சுக்கான் பலகை இடப்பக்கம் திரும்பும். கப்பலும் இடப்பக்கம் திரும்பும். பழைய கட்டளை அப்பிடியை நோக்கியே இடப்பட்டது. ஆகவே ‘ஸ்டார்போர்டு’ என்று கட்டளையிட்டால் கப்பல் இடப்பக்கம் செல்லும். பிடி போய்ச் சக்கரம் வந்தபின்னும் கட்டளை பழையபடியே இருந்தது.

1912ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இரவு, டைட்டானிக் கப்பலின் முன்னே பனிப்பாறை தென்பட்டபோது, முதல் அதிகாரி வில்லியம் மர்டாக் ஸ்டார்போர்டுப் பக்கம் முழுதும் திருப்புமாறு கட்டளையிட்டார். கப்பல் இடப்பக்கம் திரும்பிற்று. இதைப் படிக்கும் இக்காலத்தவர் கட்டளை தவறிற்று என்று எண்ணக்கூடும். தவறவில்லை, அக்கால முறைப்படி அக்கட்டளைக்குப் பொருள் அதுவே. கப்பல் திரும்புவதற்குப் போதிய தொலைவும் நேரமும் இல்லாமற் போயின. கட்டளை எப்பக்கத்தைச் சொல்கின்றதோ அப்பக்கமே கப்பல் திரும்ப வேண்டும் என்னும் விதி, கடலில் உயிர்ப்பாதுகாப்புப் பற்றி 1929இல் லண்டனில் உருவான சர்வதேச உடன்படிக்கையில் இடம்பெற்று, 1930களில் நடைமுறைக்கு வந்தது.

இக்காலத்தில் இரவில் இடப்பக்கத்தில் சிவப்பு விளக்கும் வலப்பக்கத்தில் பச்சை விளக்கும் எரிகின்றன. விமானங்களிலும் அதுவே முறை. ஓசை தவறினும் நிறம் தவறாது காட்டுவதற்கான ஏற்பாடு அது.

ஒரு கட்டுக்கதை

இவ்விரு சொற்களைப் பற்றி நம் நாட்டோடு தொடர்புடைய கதையொன்று பரவலாக வழங்குகின்றது. செல்வச் செழிப்பைக் குறிக்கும் ‘பாஷ்’ என்ற ஆங்கிலச் சொல், இங்கிலாந்திலிருந்து இந்தியா வரும்போது போர்ட் பக்க அறையும் திரும்பும்போது ஸ்டார்போர்டுப் பக்க அறையும் கேட்ட செல்வர்களின் பயணச்சீட்டில் பொறித்த நான்கு எழுத்துகளிலிருந்து வந்தது என்பர். வெயில் படாத பக்கம் அதுவாம். பி. அண்ட் ஓ. கப்பல் கம்பெனியின் சீட்டுகள் என்றும் குறிப்பிடுவர். கேட்பதற்கு நயமாக இருக்கின்றது. ஆனால் அவ்வாறு பொறித்த சீட்டு ஒன்றேனும் கிடைத்ததில்லை. ‘பாஷ்’ என்னும் சொல்லோ பணத்தையும் பகட்டனையும் குறிக்கும் கொச்சைச் சொல்லாக 19ஆம் நூற்றாண்டிலேயே வழங்கிற்று. சீட்டுக் கதை அதற்கு நெடுநாள் பின்னர் எழுந்தது. சொற்பிறப்பில் நயத்தைக் கண்டு மயங்காமல் சான்றைத் தேட வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஒரு மொழிபெயர்ப்பாளனின் பாடம்

மத்திய அரசுப் பணியில் மொழிபெயர்ப்பே என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன்னர், கடல்வழியே அந்தமானுக்குச் செல்லும் பயணிகளுக்கான பாதுகாப்புக் குறிப்பொன்று தமிழாக்கத்துக்காக என்னிடம் வந்தது. ஆபத்துக் காலத்தில் எந்தப் படகை அடைய வேண்டும் என்பதை விளக்குவது அது. ‘போர்ட்’ என்பதை இடப்புறம் என்றும் ‘ஸ்டார்போர்டு’ என்பதை வலப்புறம் என்றும் ஆக்கினேன். அகராதிப்படி அதில் குற்றமில்லை. இலக்கணப் பிழையும் இல்லை.

அக்குறிப்பு ஒலிபெருக்கியிலும் படிக்கப்படும் என்பது பின்னர்த் தெரிந்தது. ஓர் ஐயம் எழவே, பக்கத்து அறையில் பணியாற்றும் தமிழன்பர் ஒருவரை நீண்ட நடைகூடத்தின் கோடியில் நிற்கச் சொல்லி, மின்விசிறிகளும் தட்டச்சு ஒலியும் ஆட்களின் நடமாட்டமும் இருக்கும் வேளையில் என் வாக்கியங்களைப் படித்தேன். “புறப் படகு என்று காதில் விழுகிறது, ஐயா, எந்தப் புறம் என்பது விழவில்லை” என்றார் அவர். லார்போர்டு இழைத்த பிழையையே நானும் இழைத்திருந்தேன். அன்றியும், அறையிலிருந்து வெளிப்பட்டு அஞ்சி ஓடும் பயணி கப்பலின் பின்புறத்தை நோக்கி ஓடுவானாயின் அவனுடைய இடம் கப்பலின் வலமாகும். ‘யாருக்கு இடப்பக்கம்?’ என்ற கேள்விக்கு என் தமிழில் விடை இல்லை.

ஆகவே குறிப்பை மாற்றி எழுதினேன். முதல் வாக்கியத்திலேயே, கப்பலின் முன்முனையை நோக்கி நின்று இடமும் வலமும் அறிக என்று விளக்கினேன். உயிர்ப்படகுகளுக்கு எண் இடுவதில் ஒரு மரபு உண்டு. வலப்பக்கத்துப் படகுகளுக்கு ஒன்று, மூன்று, ஐந்து என ஒற்றை எண்களும், இடப்பக்கத்துப் படகுகளுக்கு இரண்டு, நான்கு, ஆறு என இரட்டை எண்களும் உரியவை. எனவே உரக்கப் படிக்க வேண்டிய இடங்களில் புறம் என்பதை நீக்கி, ‘மூன்றாம் எண் படகு’, ‘நான்காம் எண் படகு’ என்றே அமைத்தேன். மறுபடியும் அன்பர் நடைகூடத்தின் கோடியில் நின்றார். இம்முறை ஒன்றும் தவறவில்லை.

லார்போர்டு கேடான சொல் அன்று. சரக்கேற்றிய கைகளின் நினைவையும் துறைமேடையின் நினைவையும் தாங்கிய நல்ல சொல்லே அது. ஆயினும் கட்டளையாக ஒலிக்க வேண்டிய சொல்லுக்கு முதற்கடமை, கேட்பவனைத் தவறாமற் சென்றடைதல். அக்கடமையில் அது தவறிற்று, ஆகவே விலகிற்று. பழைமையும் பொருட்பொருத்தமும் அதனைக் காப்பாற்றவில்லை. அதனைக் காப்பாற்ற எண்ணாத கடலோடிகள் அறிவுடையோர் என்றே நான் கருதுகின்றேன். பிறமொழி வழங்கும் ஊர்களில் நாள்தோறும் வழி கேட்டும் வழி சொல்லியும் வாழும் நமக்கு இது நன்கு விளங்கும். வழி சொல்பவர் தம் நிலையிலிருந்து சொல்கின்றார். கேட்பவர் தம் நிலையிலிருந்து கேட்கின்றார். இருவருக்கும் பொதுவான ஒன்றை முதலில் காட்டிவிட்டால் குழப்பம் இல்லை.

என் தாயார் ஊருக்குத் திரும்பிய நாளில், புதுதில்லி ரயில் நிலையத்துக்கு மீண்டும் மெட்ரோவில் சென்றோம். நிலையம் நெருங்குகையில் அறிவிப்புக் குரல் எழுந்தது. நான் பெட்டியை எடுப்பதற்குள் அவர் எழுந்து, வண்டி செல்லும் திக்கை ஒருமுறை பார்த்து, திறக்க வேண்டிய கதவின் முன்னே சரியாகப் போய் நின்றார்.